கெண்டைக்கால் அளவு

செப்டம்பர் 23, திங்கள்

இடது கெண்டைக்கால் 38 செ.மீ. வலது 36. காலை ஆறு மணிக்கு எடுத்தது.

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். தினமும் காலையும் மாலையும் அளந்து எழுதி வரச் சொன்னவர் டாக்டர் ஷாகிதா. கடையில் வருடா வருடம் கஸ்டமருக்குக் கொடுக்கும் ஓசி டைரி ஒன்று அலமாரியில் கிடந்தது. முதல் பக்கத்தில் அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். அண்ணாச்சிதான் எங்கள் முதலாளி. படத்தில் மட்டும்தான் அவர் நிற்பார்.

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று சொன்னேன். அவர் சிரித்தார். "அது நரம்பு இல்லம்மா, ரத்தக்குழாய். இதயம் ரத்தத்தைக் கால் வரைக்கும் அனுப்பிடும். கீழ போனது திரும்ப மேல ஏறணும்ல? அதை ஏத்தி விடுறது உங்க கெண்டைக்கால் சதை. நீங்க நடந்தா அது குழாயைப் பிழிஞ்சு மேல தள்ளும். சும்மா நின்னா பிழியாது. உங்க வீட்டு மோட்டார்ல ஃபுட் வால்வு இருக்குல்ல? அது மாதிரி குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. ஏறின ரத்தம் இறங்காம அது மூடிக்கும். வருஷக்கணக்கா நின்னு நின்னு உங்களுக்கு அந்தக் கதவெல்லாம் கெட்டுப்போச்சு."

என்ன செய்யணும் என்று கேட்டேன். நடக்கணும், நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கணும், நிறையத் தண்ணீர் குடிக்கணும், மணிக்கு ஒரு தடவை உட்காரணும், படுக்கும்போது காலுக்கு அடியில் தலையணை வைக்கணும், இறுக்கமான காலுறை போடணும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஜவுளிக்கடையில் மணிக்கு ஒரு தடவை உட்காரச் சொல்கிறார், பாவம், படித்தவர்.

மதுரையில் இந்தக் கடைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மூன்றாவது மாடி பட்டுப் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே பதினோரு பெண்கள். கடை விடுதியில் அவர்களுக்கு எல்லாம் பத்துப் பேருக்கு ஒரு அறை. எனக்கு மட்டும் தனி அறை, ஜன்னல் வைத்தது. ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போனால் சமையல்கட்டில் படுக்கை. அதனால் இந்த அறைதான் எனக்கு வீடு. இதை எழுதுவது கால் வலிக்கு அவசியமா தெரியவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

செப்டம்பர் 25, புதன்

மாலை இடது 40. காலுறை அரிக்கிறது.

செப்டம்பர் 27, வெள்ளி

காலை 38, மாலை 39. இன்று கொஞ்சம் குறைவு. காரணம் உண்டு.

தொழிலாளர் துறையிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஒன்பது மணிக்கே தகவல் வந்துவிட்டது. மேனேஜர் தர்மராஜ் வேட்டைக்குப் போகிறவர் போல மாடிக்கு மாடி ஓடினார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்த வருடம் அறுபது ஸ்டூல் வாங்கினார்கள். அவை ஐந்தாவது மாடி குடோனில் இருக்கும். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று இறங்கும், அவர் போனதும் ஏறும். பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் கிழிக்கவில்லை, அழுக்காகிவிடுமாம்.

என் பெண்கள் பதினோரு பேரும் கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி மட்டும் உட்கார்ந்ததும் "ஹப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம், வயது இருபது. இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "தினமும் உட்கார விடறாங்களாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். "ஆமா சார்" என்றாள்.

எல்லோருக்கும் இருக்கை கொடுத்தோம் என்கிற பதிவேட்டில் என் கையெழுத்தைக் காட்டினேன். அது மாதாமாதம் போடுவதுதான், சம்பிரதாயம். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

அவர் போன பிறகு தர்மராஜ் என்னிடம் வந்தார். "ஹப்பாடாவாம்ல ஹப்பாடா. அந்தப் புள்ளைக்கு வாய் நீளம். பாத்துக்கங்க கனியம்மா."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மாலை இடது 41. தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்டது.

முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம் நாலு மணி நேரம் உட்கார்ந்து அறுபது புடவை பிரிக்கச் சொல்லி, கடைசியில் காஞ்சிபுரத்துக்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுந்து போனது. பிரித்ததும் மடித்ததும் செண்பகம். நடுவில் என்னிடம் வந்தாள்.

"யக்கா, இடது காலு ஒரு மாதிரி கடுக்கு. அஞ்சு நிமிசம் கீழ உக்காந்துக்கிடட்டுமா? ரேக்குக்குப் பின்னாடி, யாருக்கும் தெரியாதுக்கா."

"கேமராவுக்குத் தெரியும்ட்டி" என்றேன். "எனக்கும்தான் வலிக்கு. நான் என்ன உக்காந்தா இருக்கேன்?"

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் பொய் சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் எல்லோரிடமும் சொன்னேன், கூட்டம் முடியும் வரை தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள் என்று. பாத்ரூம் போனால் பத்து நிமிடம் போகிறது, வாசலில் நோட்டில் நேரம் எழுத வேண்டும், பிறகு தர்மராஜ் என்னைக் கேட்பார். நானும் அரை பாட்டிலோடு நிறுத்திக்கொண்டேன். டாக்டருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

செண்பகம் மறுபடி கேட்டாள். வேலைக்கு வந்த எட்டு மாதத்தில் இவளுக்கு மட்டும் எப்படி வலி வரும்? எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் வந்தது.

அக்டோபர் 9, புதன்

இன்றும்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

மதியத்தோடு கடை மூடிவிட்டார்கள். கல்லாப்பெட்டிக்கு, கம்ப்யூட்டருக்கு, லிஃப்டுக்கு எல்லாம் சந்தனப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள். பெண்கள் விடுதிக்கு வந்து துணி துவைத்தார்கள். சாயங்காலம் வராந்தாவுக்குப் போனேன். செண்பகம் வாளிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாவாடையை முழங்கால் வரை தூக்கி வைத்திருந்தாள்.

இடது கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது. வலது கால் குச்சியாகத்தான் இருந்தது. என் டேப்பை எடுத்து வந்து அளந்தேன். இடது 39, வலது 33.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் நடிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என் அறைக்கு அழைத்துப் போய்க் கட்டிலில் படுக்க வைத்தேன். வேறு எந்தப் பெண்ணையும் என் கட்டிலில் படுக்க விட்டதில்லை. வேப்பெண்ணெயைச் சூடு பண்ணி, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை அழுத்தி அழுத்தி உருவி விட்டேன். டாக்டர்தான் சொன்னாரே, ரத்தம் மேலே ஏற வேண்டும், பிழிந்து தள்ள வேண்டும் என்று. சதையால் முடியாவிட்டால் கையால் தள்ளலாமே என்று தோன்றியது. அரை மணி நேரம் விடாமல் உருவினேன். முதலில் "அம்மா, அம்மா" என்று கத்தினாள். அப்புறம் அழுகை நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்கம்மைகூட இப்படித் தேச்சு விட்டதில்லக்கா" என்றாள். "எறங்கிட்ட மாதிரி இருக்கு."

என் கை நல்ல கை. இதை எழுதும்போது சந்தோஷமாக இருக்கிறது. நாளைக்கு அவளைப் பில் போடும் இடத்துக்கு மாற்றச் சொல்லித் தர்மராஜிடம் கேட்க வேண்டும். அங்கேயும் நிற்கத்தான் வேண்டும், ஆனால் புடவை பிரிக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 12, சனி

காலை அளக்கவில்லை.

விஜயதசமிக் கூட்டம். ஊழியர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது, மூன்று மாடியும் படியேறித்தான் வர வேண்டும். செண்பகம் மேலே வந்ததும் மூச்சு வாங்கினாள். படி ஏறியதால் என்று நினைத்தேன். பதினோரு மணிக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அரக்குப் பட்டைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தவள் அப்படியே கீழே உட்கார்ந்தாள். "நெஞ்சடைக்குக்கா" என்றாள். உதடு நீலமாக இருந்தது.

முதலில் நான் என்ன சொன்னேன் என்று எழுத வேண்டாம்.

பக்கத்துப் பிரிவுப் பெண்ணும் நானும் கைத்தாங்கலாகக் கொண்டுபோனோம். ஆட்டோவில் பெரியாஸ்பத்திரி. போகும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், ஈரமாக, சில்லென்று இருந்தது. உடனே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். மூன்று மணிக்கு என்னைக் கடைக்குத் திரும்ப வரச் சொன்னார்கள். அந்த மாப்பிள்ளை வீட்டார் அரக்குப் பட்டை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு

நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதாம். பிழைப்பாளா என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்கிறார்கள். காலில் வலி என்றவளுக்கு நுரையீரலில் எப்படி வரும்?

அவள் அம்மா வேலம்மாள் வந்துவிட்டாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் கனியம்மாவா? போன்ல எப்பவும் ஒங்களப் பத்திதான் சொல்லுவா" என்றாள். என்ன சொல்லுவாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

இடது 41. டாக்டர் ஷாகிதா டைரியைப் பார்த்தார். அளவு இருக்கிற பக்கங்களை மட்டும் காட்டினேன்.

எங்கள் கடைப் பெண் ஒருத்திக்கு இப்படி ஆகிவிட்டது, காலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். கால், அதிலிருந்து மேலே போகும் பெரிய குழாய், இதயத்தின் வலது பக்கம், அங்கிருந்து நுரையீரல். "ரத்தம் ஒரே இடத்துல தேங்கினா உறையும். கால்ல உறைஞ்ச கட்டி பிச்சுக்கிட்டுக் கிளம்பிச்சுன்னா இந்த வழியா நேரா போய் நுரையீரல்ல அடைக்கும். அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் நின்னாளா?"

"ஆமா டாக்டர்."

"தண்ணி சரியாக் குடிக்க மாட்டாளா?"

"குடிக்க மாட்டா."

"ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா இருந்துச்சா?"

"ஆமா."

"அதை யாராவது தேய்ச்சு உருவி விட்டாங்களா?"

தெரியாது என்றேன். ஏன் கேட்கிறீர்கள் என்றும் கேட்டேன்.

"அப்படி இருக்கிற காலைத் தேய்க்கவே கூடாதும்மா. கட்டி அசைஞ்சு கிளம்பிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். சுருண்ட குழாய் வேற, இது வேற." என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "தேய்ச்சாலதான் கிளம்புச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. தானாவும் கிளம்பும்."

உறுதியாகச் சொல்ல முடியாது. டாக்டரே சொன்னது.

உறுதியாகச் சொல்ல முடியாது.

அக்டோபர் 16, புதன்

கண் விழித்துவிட்டாளாம். பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லிவிட்டார்கள். பாத்ரூமுக்குள் போய் அழுதேன். வாசல் நோட்டில் பதினான்கு நிமிடம் என்று எழுதிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு டாக்டர், வேலையிடத்தில் நாள் முழுக்க நின்றதால் என்று சீட்டில் எழுதிவிட்டாராம். விஷயம் தொழிலாளர் துறைக்குப் போய் விசாரணை வருகிறது. தர்மராஜ் ஒரு தாளோடு வந்தார். என் வாக்குமூலம், டைப் அடித்தே கொண்டு வந்துவிட்டார். தினமும் இருக்கை வழங்கப்பட்டது, அந்தப் பெண் தனக்கிருந்த நோயை மறைத்துவிட்டாள் என்று இருந்தது.

"அவ மறைக்கல சார். எங்கிட்டச் சொன்னா" என்றேன்.

"சொன்னாளா? அப்ப நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லலைன்னு கேப்பாங்க. கேட்டா என்ன சொல்லுவீங்க?" பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். "பதிவேட்டுல மாசாமாசம் கையெழுத்துப் போட்டது நானா, நீங்களா? அண்ணாச்சி ஒண்ணும் கோவமா இல்ல. ஆனா கடைக்கு எதிராப் பேசறவங்களுக்கு விடுதியில ரூம் எதுக்குன்னு கேக்குறாரு. நியாயந்தானே?"

படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். நாலு வரித் தாளை ஆற அமரப் படிக்க நான் என்ன வக்கீலா?

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் உட்கார்ந்து என் வாக்குமூலத்தை என் கைப்பட எழுதினேன். ஸ்டூல்கள் குடோனில் இருப்பதை எழுதினேன். அவள் மூன்று நாள் கேட்டதை, நான் மறுத்ததை, தண்ணீரைக் குறைக்கச் சொன்னதை எழுதினேன். எண்ணெய் தேய்த்ததையும் எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

செண்பகம் வார்டில் இருந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. வேலம்மாள் கட்டிலுக்குக் கீழே சேலையை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக அங்கேதான், கால் நீட்டக்கூட இடமில்லை.

"உன்னிய உக்கார விடாமப் பண்ணிட்டேன்ட்டி" என்றேன். அதுவரைக்கும் சொல்ல முடிந்தது.

"நீங்க என்னக்கா செய்வீங்க? ஒங்களுக்கு மேல ஆளு இருக்கில்லா. அன்னைக்கு ஒங்க கட்டில்ல போட்டுத் தேச்சு விட்டீங்களே, வேற யாரு செய்வா? யம்மா, நா சொல்லல? இவங்கதான்."

வேலம்மாள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வேண்டாம் என்று இழுக்கப் பார்த்தேன். விடவில்லை. அந்தக் கையால் நான் என்ன செய்தேன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

விசாரணை மூன்றாவது மாடியிலேயே நடந்தது. அறுபது ஸ்டூலும் இறங்கியிருந்தன. இந்த முறை உறையைக் கிழித்திருந்தார்கள். தர்மராஜ் கொடுத்த தாள் என் கைப்பையில் கையெழுத்தில்லாமல் இருந்தது, என் தாள் ரவிக்கைக்குள்.

அதே இன்ஸ்பெக்டர். நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செண்பகத்திடம் எழுதி வாங்கியிருக்கிறார். அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"சண்முகக்கனி அக்கா என்னை உட்காரச் சொல்வார்கள். நான்தான் விற்பனை ஊக்கத்தொகைக்கு ஆசைப்பட்டு உட்காரவில்லை. கால் வலியை நான் அவர்களிடம் முன்னாடியே சொல்லவில்லை. தெரிந்த அன்றைக்கே அவர்கள்தான் என்னைக் கவனித்தார்கள். அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை."

யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியதல்ல. தர்மராஜுக்கே ஆச்சரியம், வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"நிக்கிறீங்களேம்மா, உக்காருங்க" என்று இன்ஸ்பெக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் இந்த மாடியில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. காலில் அடைத்துக்கொண்டிருந்த கனமெல்லாம் இறங்கியது. அவ்வளவு சுகமாக இருந்தது.

"இந்தப் பொண்ணு சொல்றது சரியா?" என்று கேட்டார். "வேற ஏதாவது சொல்லணும்னா தயங்காம சொல்லுங்க. உங்க பேர் வெளிய வராம நான் பாத்துக்கறேன்."

நல்ல மனுஷன். உண்மையிலேயே காத்திருந்தார்.

"சரிதாங்க சார்" என்றேன். தர்மராஜின் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 26, சனி

இடது 42.

செண்பகத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் மாத்திரை, நின்று செய்கிற வேலை கூடாது. கடையிலிருந்து ஒரு சேலையும் இனிப்புப் பெட்டியும் அனுப்பினார்கள். சேலையை என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள். பச்சையில் மாம்பழக் கலர் கரை. ரவிக்கைக்குள் இருந்த தாளைக் கிழித்துவிட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பகல் முழுக்கத் தூங்கினேன்.

நவம்பர் 4, திங்கள்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் செண்பகம் போன் பண்ணினாள். குரல் தெளிவாக இருந்தது. மூச்சு வாங்கவில்லை. சேலை நல்லாருக்கு என்றாள். ஊரில் மழை என்றாள். நானும் சந்தோஷமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

"யக்கா, ஒரு நிமிசம், ஸ்பீக்கர்ல போட்டுக்கிடுதேன். கை ரெண்டும் எண்ணெயா இருக்கு."

"என்னட்டி, பலகாரமா?"

"இல்லக்கா, அம்மைக்குக் காலு வீங்கிட்டு. ஆஸ்பத்திரில ரெண்டு வாரம் மடக்கியே உக்காந்துருந்தாள்லா, வந்ததுலேர்ந்து வலி. நீங்க எனக்குத் தேச்சு விட்டீங்கள்லா, அதே மாதிரி வேப்பெண்ணெய காச்சி உருவி விட்டுக்கிட்டிருக்கேன். ரெண்டு நாளா."

"ரெண்டு காலுமா, ஒரு காலா?"

"ஒண்ணுதாங்க்கா. வலது."

"சுடுதா?"

"ஆமாக்கா, நல்லாச் சுடுது."

சோற்றுத் தட்டைக் கீழே வைத்தேன். "கைய எடு" என்றேன். "எடுட்டி மொதல்ல. இனிமே அந்தக் காலத் தொடாத. இப்பவே ஆட்டோ வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. காலுல ரத்தம் கட்டியிருக்கான்னு பாக்கச் சொல்லு. தேச்சா அது கிளம்பிப் போயி நெஞ்சுல அடைக்கும்."

அந்தப் பக்கம் வேலம்மாள் "என்னட்டி, என்ன சொல்லுதாங்க" என்று கேட்பது கேட்டது. அப்புறம் செண்பகம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டாள். குரல் பக்கத்தில் வந்தது.

"எனக்கும் அப்படித்தானாக்கா?"

"உறுதியாச் சொல்ல முடியாதுன்னு டாக்டரு…" என்று ஆரம்பித்தேன். என்னாலேயே அதை முடிக்க முடியவில்லை. "ஆமா" என்றேன்.

"தேச்சு விடும்போதே ஒங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுட்டி."

"எப்பத் தெரியும்?"

"பதினஞ்சாம் தேதி."

அவள் கணக்குப் பார்ப்பது எனக்குப் புரிந்தது.

"ஆஸ்பத்திரிக்கு நீங்க வந்தது இருவதாம் தேதிக்கா" என்றாள். "அம்மை ஒங்க கையக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நா அந்த சாருட்ட எழுதிக் குடுத்தது அதுக்கப்புறம்."

ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் அம்மாவிடம், "எந்திரிக்காதம்மா, அப்படியே இரு, நா ஆட்டோ கூட்டிட்டு வாரேன்" என்று சொல்வது கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது.

நாலு மணிக்கு நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் கூப்பிட்டேன். வேலம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்ல இனி யாரும் இல்லை.